பட்டறை நிழல்

சுண்ணாம்புக்குறிச்சியில் நிழலை வெட்டி மடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிற பழக்கம் யாரால் வந்தது என்று கேட்டால் ஆவுடையால் வந்தது என்பார்கள், அந்தக் கத்தியை அடித்தது யார் என்று அதே ஆட்களிடம் கேட்டால் திரவியம் ஆசாரி என்பார்கள். பழிக்கு ஒருத்தி, பேருக்கு ஒருத்தன் என்று ஒரே பட்டறையை இரண்டாகப் பங்கு வைக்க அந்த ஊர்க்காரர்களால்தான் முடியும், வேறு எந்தக் காரியத்திலும் அவர்கள் அத்தனை கெட்டிக்காரர்கள் இல்லை.

உண்மையில் பத்து வருஷமாகக் குறடு பிடித்தது ஆவுடைதான். அதற்கு முன்னால் அவள் புருஷன் திரவியம் குறடு பிடித்தான், அவள் சம்மட்டி போட்டாள். ஒருநாள் பொறி தெறித்து அவன் வலது கண்ணில் விழுந்து, அந்தக் கண் போனதோடு மிஞ்சிய கண்ணுக்கும் நிறம் பிரித்துப் பார்க்கிற கூர்மை போய்விட்டது, அன்றிலிருந்து குறடு அவள் கைக்கும் சம்மட்டி அவன் கைக்கும் மாறியது. வாடிக்கைக்காரர்கள் மட்டும் மாறவில்லை. பட்டறை வாசலில் வந்து நின்று, அவள் தலைக்கு மேலாக அவனைப் பார்த்து, "அண்ணாச்சி, அரிவாளுக்கு எப்ப வரட்டும்?" என்பார்கள். அவன், "அவகிட்டக் கேளுங்க," என்று சொல்லிவிட்டுச் சம்மட்டியில் சாய்ந்துகொள்வான். அவர்கள் அவளிடம் கேட்கமாட்டார்கள், வெறுமனே நின்றுவிட்டு மறுநாள் வந்து மறுபடியும் அவனிடமே கேட்பார்கள்.

பட்டறை என்றால் நாலு கல்தூண், மேலே பனையோலை, அதற்கும் மேலே அறுபது எழுபது வருஷத்துப் புளியமரம். ஊர் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, வெயில் மேலேயிருந்து ஒருதரமும் தரையிலிருந்து ஒருதரமும் அடிக்கிற ஊர் அது, அதில் அந்த ஓலையும் புளியமரமும் சேர்ந்து போடுகிற அரையிருட்டுத்தான் ஆவுடைக்குக் கண். லாரியிலிருந்து கழற்றிய வில்பட்டாவை வெட்டி, காய்ச்சி, அடித்து, தட்டி, கருக்கு இழைத்துக் கத்தியாக்குவது யாரும் செய்கிற வேலை, கை வலித்தால் போதும். தோய்ச்சல் அப்படியல்ல. கத்தி உலைக்குள் கறுப்பிலிருந்து மெல்ல மெல்லச் சிவந்து, பழுத்த கோவைப்பழ நிறத்துக்கு வந்து நிற்கிற அந்த ஒரு நொடியில் எடுத்துத் தொட்டித் தண்ணீரில் இறக்க வேண்டும், முந்தினால் கத்தி வளையும், பிந்தினால் உடையும், அந்த நிறம் அரையிருட்டில் மட்டும்தான் உள்ளபடி தெரியும். இறக்குகிற அந்த நேரம் ஆவுடை சும்மா இருக்கமாட்டாள். அந்தக் கத்தி யார் வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டுக்காரரை, அவர் கஞ்சத்தனத்தை, அவர் போலிக் கும்பிட்டை, அவர் மச்சினன் பெண்டாட்டி வரைக்கும் இழுத்து ஒரு வசவு வைத்துத்தான் இறக்குவாள், தண்ணீர் சொய்யென்று கொதிக்கும்.

ஒரு சித்திரை மதியம் அம்மன் கோயில் வாசலில் தேங்காய்க்கடை போட்டிருந்த மூக்காண்டிக்கு ஒரு வெட்டுக்கத்தி கொண்டுபோய்க் கொடுத்தாள். மூக்காண்டி அதை வாங்கி, கத்தியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் எல்லோரும் செய்வதுபோலக் கட்டைவிரலால் கருக்கைத் தடவி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "கனம் கொஞ்சம் கம்மியோ," என்று இழுத்துவிட்டு, தேங்காயை எடுத்து ஒரு போடு போட்டான். தேங்காய் நழுவியது, கத்தி தரையில் இறங்கியது, கோயில் வேம்பின் நிழலில் ஒரு முழத்துக்கு வெட்டு விழுந்தது. வெட்டுப்பட்ட ஓரம் லேசாகச் சுருண்டு எழும்பி நின்றது. மூக்காண்டி அதைப் பிடித்து இழுத்தான், வந்தது. இன்னும் கொஞ்சம் வெட்டி இழுத்தான், ஒரு தோள்துண்டு அகலத்துக்கு வந்தது. உதறினான், வேப்பம்பூ வாசம் அடித்தது. எடுத்து வழுக்கைத் தலையில் போட்டுக்கொண்டான்.

"சில்லுன்னு இருக்கு மயினி," என்றான்.

"புதுக் கத்திய முதப் போடே கல்லுல போட்டு மொனைய மழுக்கிட்டீரே மூக்காண்டி," என்றாள் ஆவுடை. "உம்ம கைக்கெல்லாம் கத்தி எதுக்கு? தேங்காய உம்ம தலையில ஒடைச்சாப் போதாதா?"

வேம்படியில் அந்தத் துண்டு அகலத்துக்கு வெயில் விழுந்து கிடந்தது, அது மூடவில்லை, அன்றைக்கும் இல்லை, அதற்கப்புறமும் இல்லை. அதைப் பார்த்தபடிதான் அவள் வீட்டுக்கு நடந்தாள், ஆனால் வழியெல்லாம் அவள் கவலைப்பட்டது அந்த முனையைப் பற்றித்தான்.

மறுநாள் விடிந்தபோது பட்டறை வாசலில் ஒன்பது பேர் நின்றார்கள். ஒருத்தராவது இது எப்படி நடக்கிறது என்று கேட்டாரா என்றால் இல்லை, எத்தனை முழம் வெட்டும் என்றுதான் கேட்டார்கள். பட்டா வந்த லாரி தூத்துக்குடிக்கு ஐஸ் ஏற்றிப்போன லாரியாக இருக்கும் என்று ஒருத்தர் சொன்னார், தோய்ச்சல் தொட்டித் தண்ணீர் கிணற்றில் எந்த மூலையில் இறைத்தது என்று இன்னொருத்தர் விசாரித்தார், காரணம் எல்லாம் அவ வாய்தான் என்று திரவியம் மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னான். ஆவுடை அடித்துக் கொடுத்தாள். சொல்லப்போனால் முதல் மாதம் அவளுக்குப் பெருமையாகவே இருந்தது, நிழலையே வெட்டுகிற பதம் சும்மா வராது, தென்பாண்டிச் சீமையில் எந்தப் பட்டறைக்காரனுக்கு வந்திருக்கிறது என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டாள், அப்படிக் கேட்டுக்கொண்டதற்காகத் தன்னையும் கொஞ்சம் கேவலமாக நினைத்துக்கொண்டாள்.

ஊர் அந்த அதிசயத்தை ஒரு வாரத்தில் மென்று முழுங்கிவிட்டது. வேப்ப நிழல் பித்தத்துக்கு நல்லது, அரச நிழல் குழந்தையில்லாதவர்களுக்கு நல்லது, தென்னை நிழல் ஓட்டை ஓட்டையாக இருப்பதால் அரை மரியாதைதான், புளிய நிழல் ஆகவே ஆகாது, பேய் பிடிக்கும் என்று தரம் பிரித்தார்கள். கல்யாணத்துக்குச் சீர்வரிசைத் தட்டில் பழத்துக்கும் பட்டுக்கும் நடுவே மடித்த நிழல் வைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் அதை நாலு பேர் முன்னால் பிரித்துப் பிடித்து, "ஓரம் பிசிறா இருக்கே," என்று முகம் சுளித்தார்கள். பெண்கள் நிழலுக்குக் கஞ்சி போட்டார்கள். துவைத்து மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டார்கள், அதன் கீழே குளிர்ச்சிக்கு ஒண்ட வந்த காக்காய்களைக் கம்பு எடுத்து விரட்டினார்கள். மேலத்தெருவில் ஒரு சங்கடம் வந்தது, பொதுமரத்து நிழலாயிற்றே, இதற்கு முந்தி இதில் யார் யார் உட்கார்ந்திருப்பார்களோ என்று. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள், கோமியமும் மஞ்சள் தண்ணீரும் மூன்றுதரம் தெளித்து, அப்புறம் நிம்மதியாகப் போர்த்திக்கொண்டு தெருவில் நடந்தார்கள்.

பஸ் நிறுத்தத்துக் கொட்டகையின் நிழலை யூனியன் கவுன்சிலர் சுருட்டிக்கொண்டு போனார், கொட்டகை மட்டும் அவர் பேரைத் தாங்கிக்கொண்டு வெயிலில் நின்றது. பள்ளிக்கூடத்து வாகை நிழலை வாத்தியார்களே பங்கு போட்டுக்கொண்டார்கள். கோயில் மண்டபத்து நிழல், முந்நூறு வருஷத்துக் கருங்கல் நிழல், கனமும் குளிர்ச்சியும் அப்படி. அதைத் தர்மகர்த்தா பூதலிங்கம் பாதுகாப்புக்காகத் தன் வீட்டில் வைத்திருப்பதாகச் சொன்னார். எவ்வளவு பத்திரமாகப் பாதுகாத்தார் என்றால், அவர் தோளை விட்டு அது ஒருநாளும் இறங்கவில்லை. சாப்பிடும்போதும் அது மேலேதான் கிடந்தது.

ஆவுடை ஊர்க்காரர்களுக்குக் கத்தி அடித்துக் கொடுப்பதை நிறுத்தியது குளத்துக்கரை ஆலமர நிழல் போன அன்றைக்கு. ஊருக்குக் கிழக்கே சுண்ணாம்புக் காளவாசலில் கல் உடைக்கிறவர்களும் சூளை போடுகிறவர்களும் அந்த ஆலமரத்தடியில்தான் மதியக் கஞ்சி குடிப்பார்கள். அன்றைக்குத் தூக்குச்சட்டியோடு அவர்கள் வந்தபோது மரம் இருந்தது, இலை இருந்தது, விழுது இருந்தது, கீழே வெயில் மட்டும் இருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பட்டறைப் பக்கம் நடந்து வந்து, புளியமரத்தடியில் உட்கார்ந்து சட்டியைத் திறந்தார்கள். ஆவுடை முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"கேக்க நாதியில்லன்னு எவனோ சுருட்டிட்டுப் போயிருக்கான். நீங்க அறுபது பேரு, கையில கடப்பாரை வேற வச்சிருக்கிய. இங்க வந்து சம்மணம் போட்டுச் சாப்பிடுதிய?"

"பசிக்குது யக்கா," என்றான் பலவேசம், சூளைக்காரர்களில் மூத்தவன். "சாப்பிட்டுட்டு யோசிப்போம்."

"யோசிப்பிய, யோசிப்பிய," என்று திட்டிக்கொண்டே கரிமூட்டையை நகர்த்தி இடம் விட்டாள். அன்றிலிருந்து தினமும் மதியம் அவர்கள் அங்கேதான் சாப்பிட்டார்கள், தினமும் அவள் திட்டினாள், அவர்களும் அதைத் தொட்டுக்கொள்ள ஊறுகாய்போல எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் ஊருக்குள் நாற்பது கத்தி போயிருந்தது, நாற்பதும் அவள் அடித்தது. அதை அவள் ஒருநாளும் மறக்கவில்லை.

ஆடி பிறந்தபோது சுண்ணாம்புக்குறிச்சியில் தரையில் கிடந்த நிழல் என்று மிச்சமிருந்தது பட்டறை நிழல் ஒன்றுதான். பேய் நிழல் என்பதால் ஆரம்பத்தில் யாரும் தொடவில்லை, பிற்பாடு கவுன்சிலரின் மருமகன் ஒருதரம் வெட்டிப் பார்த்தான், கத்தி வழுக்கிக்கொண்டு போனது. எந்த நிழலில் நிறம் பார்த்துத் தோய்த்ததோ அந்த நிழலை அந்தக் கத்தி வெட்டாது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆவுடைக்கே அது தெரியாது. தெரிந்ததும், கத்திக்கு இருக்கிற நன்றி மனுஷனுக்கு இல்லையே என்று ஊருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

ஆடிக் கடைசிச் செவ்வாய் முப்பிடாதி அம்மனுக்குக் கொடைத் திருவிழா. மதியக் கொடையில் அம்மன் சப்பரத்தில் ஏறித் தெருச் சுற்றுவாள், முன்னெல்லாம் மரத்துக்கு மரம் நிழலிலேயே போய்வந்துவிடுவாள், இப்போது தெரு மொட்டையாகக் கிடந்தது. வெயில் படாமல்தான் அம்மன் போக வேண்டும், அதுதான் முறை என்று பூசாரி கையை விரித்தார். ஊர்க்கூட்டம் போட்டார்கள். சப்பரத்துக்கு மேலே கட்ட ஒரு நல்ல நிழல் வேண்டும், யார் கொடுக்கிறீர்கள் என்று கேட்டபோது, நிழலை மடித்துப் பூட்டிவைத்த பீரோ இருநூறு இருக்கிற ஊரில் ஒரு சத்தம் இல்லை, ஆளுக்கு ஆள் அடுத்தவன் இடுப்புச் சாவியைப் பார்த்தார்கள். தர்மகர்த்தா மண்டபத்து நிழலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் போர்த்திக்கொண்டு, "அவங்கவங்க நிழல் அவங்கவங்க சொத்து, பொதுவுல என்ன இருக்குன்னு பாப்போம்," என்றார். பொதுவில் இருந்தது பட்டறை நிழல். அது நின்ற இடம் புறம்போக்கு. நேற்றுவரை பேய் நிழலாக இருந்தது, அந்த நிமிஷத்திலிருந்து அம்மனுக்கு உகந்த நிழலாகிவிட்டது.

அவர்கள் ஆவுடையைக் கூப்பிடவில்லை, திரவியத்தைக் கூப்பிட்டார்கள். அந்த ஊர்க்கூட்டத்தில் அவன் வாழ்நாளில் முதல்தடவையாக நாற்காலி கொடுத்து உட்காரவைத்து, கையில் ஒரு கலர் சோடாவை உடைத்துக் கொடுத்து, "சாமி காரியம், நீரு என்ன சொல்லுதீரு ஆசாரி?" என்று கேட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்த மனுஷன் சரி என்று சொல்லிவிட்டு வந்தான்.

"என்ன சொல்லிட்டு வந்திய?" என்றாள் ஆவுடை.

"சாமி காரியம்ளா. மாட்டேன்னு எப்படிச் சொல்ல?"

"வாயால சொல்லணும். கலர் குடிச்ச வாயி சொல்லாதோ?"

"கொடை முடிஞ்சதும் திருப்பித் தந்துருவோம்னாவ."

"வெட்டுன நிழலு ஒட்டுமா? இந்த ஊருல எங்கயாச்சும் ஒட்டியிருக்கா? பத்து வருசமா நான் நெறம் பாக்குதது அதுலதான். அது போச்சுன்னா எனக்குக் குறடு எதுக்கு? கரியள்ளிட்டுக் கெடக்க வேண்டியதுதான்." அவள் குரல் அந்த இடத்தில் உடைந்தது, அப்படி உடைந்து அவன் கேட்டதில்லை. "எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். ஒரு நாற்காலிக்கு வித்துட்டு வந்திருக்கிய."

திரவியம் தலையைக் குனிந்துகொண்டு சம்மட்டிக் காம்பைத் தடவிக்கொண்டிருந்தான். சொன்ன வாக்கை மாற்றுகிற தைரியம் அவனுக்குக் கிடையாது, கொடுக்கிற தைரியமும் அவனுடையதில்லை, நாற்காலியுடையது என்பது அவனுக்கே தெரிந்திருந்தது.

பழைய கத்தி வெட்டாது, புதுக் கத்தி வேண்டும், அதுவும் இந்த நிழலில் தோய்க்காத கத்தி வேண்டும் என்று தர்மகர்த்தாவும் கவுன்சிலரும் நாலைந்து பெரிய மனுஷர்களும் வந்து நின்றார்கள். தலைக்கொரு நிழலோடு வந்து நின்றார்கள்.

"வேற எடத்துல தோய்ச்சாப் போதும்லா?" என்றார் தர்மகர்த்தா, திரவியத்தைப் பார்த்து.

ஆவுடை பதில் சொன்னாள். "தோய்க்கலாம் அண்ணாச்சி. வேற நிழல் வேணும். உங்க மண்டபத்து நிழல ஒரு மணி நேரம் கொண்டாங்க. விரிச்சுக் கெட்டி அதுக்குக் கீழ தோய்ச்சுத் தாரேன்."

"பொறி பட்டு ஓட்ட விழுந்துட்டா?"

"கவுன்சிலர் அண்ணாச்சி?"

கவுன்சிலர் தன் பஸ் நிறுத்தத்து நிழலின் ஓரத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பொறி பட்டால் ஓட்டை விழும் என்பதில் அந்த ஊர்ப் பெரிய மனுஷர்கள் அத்தனை பேரும் முதல்தடவையாக ஒரே கருத்தாக இருந்தார்கள்.

"அப்பம் வீட்டுக்குள்ள வைப்போம். உங்க பட்டாசாலக் கூடம் பெருசாத்தான இருக்கு," என்றாள் ஆவுடை தர்மகர்த்தாவிடம்.

"சுவரெல்லாம் கரியாப் போயிரும்."

"ராத்திரி தோய்ச்சா என்ன?" என்றார் கவுன்சிலர்.

"ராத்திரி இரும்பு நேரத்துக்கு முந்தியே செவந்து காட்டும். ஏமாந்து எடுத்துருவோம், கத்தி ஈயம் மாதிரி வளையும்."

தர்மகர்த்தா யோசித்தார். அவர் யோசிக்கிறார் என்பது நெற்றியில் தெரிந்தது, அந்த நெற்றிக்கு அது பழக்கமில்லாத வேலை. "அப்பம் வெட்டவெளியில வச்சுத் தோய்ங்க. வெயில்ல இன்னும் வெளிச்சமாத் தெரியும்லா?" என்றார்.

ஆவுடை வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனை கத்தி வாங்கி, எத்தனை கத்தியில் ஆடும் கோழியும் அறுத்துத் தின்று, எத்தனை நிழலை வெட்டி மடித்து வைத்திருக்கிறார்கள், ஒரு கத்தி எப்படிக் கத்தியாகிறது என்று ஒருத்தனுக்கும் தெரியவில்லையே என்று நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நான் தோய்க்க மாட்டேன்," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நான் தோய்க்கேன்," என்றான் திரவியம்.

கொடை அன்று காலை பதினோரு மணிக்கு, கோயிலில் வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்தபோது, உலையையும் துருத்தியையும் வெட்டவெளியாகக் கிடந்த கல்களத்துக்கு இழுத்துப் போட்டார்கள். வெயில் அப்படி, உலையில் தீ எரிகிறதா இல்லையா என்பதே தெரியவில்லை, மேலே காற்று நடுங்குவதை வைத்துத்தான் நெருப்பு இருக்கிறது என்று சொல்ல முடிந்தது. பத்து வருஷத்துக்கு அப்புறம் திரவியம் கையில் குறடு. ஆவுடை துருத்தி மட்டும் ஊதினாள், அதற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை என்று சொல்லியிருந்தாள். கத்தி கறுப்பாகவே கிடந்தது. ஊதினாள், கறுப்பாகவே கிடந்தது. மண்டப நிழலுக்குள் நின்றுகொண்டு தர்மகர்த்தா, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்," என்று தாளம் போட்டார்.

திரவியம் நல்ல கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், கெட்ட கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. முடியாமல் அவள் முகத்தைப் பார்த்தான். அவளும் குனிந்து பார்த்தாள், சும்மா இருப்பதாகச் சொன்னவள்தான், ஆனாலும் பார்த்தாள், அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. நாற்காலிக்கு விற்றவன் என்று நாலு நாளாக அவனை வறுத்தெடுத்தவளுக்கு அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. இத்தனை பேர் முன்னால் ஒரு ஆசாரியைக் குருடனாக்கி நிறுத்தியிருக்கிறார்களே என்று வயிறு எரிந்தது. கத்தியின் மேல்தோல் செதில் செதிலாக உதிர ஆரம்பித்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. வெயிலில் சிவப்புத் தெரிவதற்குள் இரும்பு கோவைப்பழத்தைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. "எடுங்க," என்றாள். எடுத்துத் தண்ணீரில் இறக்கினான்.

தண்ணீர் சீறியது. அந்தச் சீறலுக்குள்ளே மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது, டிக் என்று. களத்தில் நூறு பேர் நின்றார்கள், அந்தச் சத்தம் கேட்டது இரண்டே பேருக்கு. கத்தி உள்ளுக்குள் விண்டுவிட்டது, இனி அது கத்தியில்லை. ஆவுடை திரவியத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். அப்புறம் கத்தியைத் துடைத்து, சாணையில் நாலு இழுப்பு இழுத்து, பிடியை மாட்டி, இரண்டு கையாலும் தர்மகர்த்தாவிடம் நீட்டினான்.

"நல்ல கத்தி அண்ணாச்சி," என்றான், முகத்தில் ஒன்றும் காட்டாமல். "நீங்களே வெட்டுங்க. நீங்கதான் ஓங்கி வெட்டணும்."

அந்த மனுஷன் வாயில் ஏளனம் என்று ஒன்று வந்து ஆவுடை பார்த்ததே அன்றைக்குத்தான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவனை அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போனதும் அன்றைக்குத்தான், நாற்காலியைக்கூட மன்னித்துவிட்டாள்.

மேளம் முன்னால் போக, தர்மகர்த்தா பட்டறை வாசலுக்கு வந்து, கத்தியைக் கண்ணில் ஒற்றி, கூட்டம் குலவையிட, புளிய நிழலின் விளிம்பில் ஓங்கி ஒரு போடு போட்டார். கத்தி அப்பளமாக மூன்று துண்டாய்ப் போனது. நிழல் அசையவில்லை. பிடி மட்டும் அவர் கையில் இருந்தது, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கனம் கொஞ்சம் கம்மியோ?" என்று கூட்டத்திலிருந்து மூக்காண்டி கேட்டான்.

உச்சி நேரம் ஆகிவிட்டது, சப்பரம் கிளம்பியாக வேண்டும். கிளம்பியது. அன்றைக்குச் சுண்ணாம்புக்குறிச்சித் தெருவில் முப்பிடாதி அம்மன் முகத்தில் அரைத்த சந்தனம் வெடிக்கிற வெயிலில் முன்னே போனாள், அவளுக்குப் பின்னால் அவள் பக்தர்கள் இருநூறு பேர் இருநூறு நிழலைப் போர்த்திக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டே போனார்கள், வேப்ப நிழலும் அரச நிழலும் வாகை நிழலும் ஆல நிழலும் ஒன்றோடொன்று உரசிவிடாமல் தள்ளித் தள்ளி நடந்தன. இதில் கூச்சப்பட ஏதோ இருக்கிறது என்று ஒரு முகம்கூட நினைத்ததாகத் தெரியவில்லை. சப்பரம் சுமந்தவர்கள் எட்டுப் பேர், எல்லாம் காளவாசல்காரர்கள், சாமி சுமக்கச் செருப்புப் போடக்கூடாது, வெந்த சுண்ணாம்பில் வெறுங்காலோடு மேலத்தெருவும் வடக்குத்தெருவும் சுற்றினார்கள். பட்டறை முக்குக்கு வந்தபோது முன்கொம்பு பிடித்திருந்த பலவேசத்தின் பாதம் கொப்புளம் உடைந்து ரத்தம் பதிய ஆரம்பித்திருந்தது. அவன் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கொம்பை வலதுபக்கம் திருப்பினான், மற்ற ஏழு பேரும் கூடவே திரும்பினார்கள், ஓலைக்கு உள்ளே போய், உலைக்கும் தொட்டிக்கும் நடுவில், அம்மனைத் தரையில் இறக்கிவிட்டார்கள்.

வில்லுப்பாட்டு நின்றது. சுற்று முடியாமல் சப்பரம் தரையைத் தொட்டுவிட்டால் தொட்ட இடம் கோயிலாகிவிடும், தர்மகர்த்தா தன் கையால் அங்கே தேங்காய் உடைத்துப் பூசை முடிக்காமல் அதை மறுபடி தூக்கக்கூடாது, அது அந்தக் கொடையின் முறை. எட்டுப் பேரும் அம்மனுக்குப் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். சூளைப் பெண்கள் தூக்குச்சட்டியோடு வந்து அவர்களோடு உட்கார்ந்தார்கள்.

கொடையன்று ஊரில் யாரும் தொழில் பார்ப்பதில்லை. ஆவுடை மட்டும் தொழில் பார்த்துக்கொண்டிருந்தாள், களத்திலிருந்து உலையை இழுத்து வந்த கையோடு மூட்டி, ஒரு கத்தியை அதில் வைத்திருந்தாள். அம்மனை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தாள். "பலவேசம், ரெண்டடி தள்ளி வையும். மூஞ்சில பொறி தெறிக்கும்," என்றாள்.

தர்மகர்த்தா தேங்காயும் தாம்பாளமுமாக வாசலுக்கு வந்து ஒரு காலை உள்ளே வைத்தார்.

"அண்ணாச்சி," என்றாள் ஆவுடை, தலை நிமிராமல். "சாமி முன்னால தோள்ல துண்டு போட்டுக்கூட நிக்கக்கூடாது. மேல போத்திக்கிட்டா வாரிய?"

அவர் காலை வெளியே எடுத்துக்கொண்டார். அவள் சொன்னது சரிதான், பூசாரியும் ஆமாம் என்று தலையாட்டினார். நிழலைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்த் தேங்காயை உடைத்துவிட்டு வர ஐந்து நிமிஷம்கூட ஆகாது. தர்மகர்த்தா நிழலின் முடிச்சில் கை வைத்தார். திரும்பிப் பார்த்தார். பின்னால் இருநூறு பேர் நின்றார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நிற்க, அந்த முந்நூறு வருஷத்துக் கருங்கல் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே வைத்தால் ஐந்து நிமிஷத்தில் அது இருக்காது என்று அவருக்குத் தெரியும். ஏனென்றால், அவர்கள் இடத்தில் அவர் நின்றிருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

அவர் முடிச்சிலிருந்து கையை எடுக்கவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை. பூசாரி கூப்பிட்டார், மேளக்காரர்கள் கூப்பிட்டார்கள், பொங்கப்பானை ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே கத்தி கறுப்பிலிருந்து மெல்ல மெல்லச் சிவந்து வந்தது. ஆவுடை குறடை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊதுங்க," என்றாள் திரவியத்திடம்.